முகம் சுளிக்காதவர்களுக்கு ஒரு பெயர்

“நாக்க நீட்டு. இன்னுங் கொஞ்சம். ஆங், அப்புடியே வச்சுக்க” என்கிறார் லியனார்ட். பிள்ளை நாக்கை நீட்டுகிறது. அதோடு அவர் நாக்கை மறந்துவிட்டுக் கதைக்குள் போய்விடுகிறார். போன வாரம் சிறுத்தைக்குட்டி கொழுந்துக் கூடைக்குள் ஏறி ஒளிந்ததல்லவா, அந்தக் கூடை இப்போது தராசில் தொங்குகிறது. கொழுந்து நிறுக்கிற தோட்டத்து உத்தியோகஸ்தர் கண்டாக்கு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முள்ளைப் பார்க்கிறார். ஒரு கூடைக் கொழுந்துக்கு இத்தனை எடை எப்படி வந்தது என்று உள்ளே கையை விடப் போகிறார். நீட்டிய நாக்கு வெளியே தொங்கிக்கொண்டே இருக்கிறது. பெஞ்சில் இருக்கும் தாய்மார்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “டாக்டரய்யா, நாக்கு காஞ்சு போயிரப் போவுதுங்க, உள்ள போட்டுக்கச் சொல்லுங்க!”

கண்டாக்கு கையை விட்டாரா, குட்டி கடித்ததா என்று கேட்கப் பிள்ளை வாயைத் திறக்கும். அந்த நொடிக்காகத்தான் மனிதர் காத்திருக்கிறார். மற்றக் கையில் தயாராக இருந்த கரண்டி உள்ளே போய்விடும். ஊசிமலைத் தோட்டத்து மிக்சரைக் குடித்தவர்களுக்குத்தான் கசப்பு என்றால் என்னவென்று தெரியும். பெரியவர்களே கண்ணை மூடிக்கொண்டு சாமி பேரைச் சொல்லித்தான் குடிப்பார்கள். “நாளைக்கி வா. கதையும் பாக்கி இருக்கு, மருந்தும் பாக்கி இருக்கு” என்று சொல்லி அனுப்பிவிட்டு, அடுத்த நாக்கைப் பார்க்கத் திரும்புவார்.

பொகவந்தலாவையில் பஸ்சை விட்டு இறங்கி, இன்னும் ஒரு மலை ஏறினால் ஊசிமலைத் தேயிலைத் தோட்டம். லியனார்ட் அங்கே டிஸ்பென்சர். வரிசை வீடுகளான லயங்களில் இருக்கிற ஆட்களுக்கு டாக்டரய்யா. படித்த டாக்டர் டவுனில் இருக்கிறார். மாதம் ஒருமுறை ஜீப்பில் வந்து, “எல்லாம் சரிதானே லியனார்ட்?” என்று கேட்டு, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விடுவார். ஆனால் கொழும்பிலிருந்து வரும் ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் சிறுவர் பக்கத்தைத் திறந்து பாருங்கள், அங்கே இவர் வேறு ஆள். ‘ஊசிமலையான்’ என்ற பெயரில் எட்டு நாவல் எழுதி முடித்தவர். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இருக்கிற பிள்ளைகள் இவரைத் தாடி வைத்த ஒரு வேட்டைக்காரராக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நேரில் வந்தால் பாவம், ஏமாந்து போவார்கள். ஒட்டிப்போன கன்னம், கழுத்தில் நாலு சுற்றுக் கம்பளி மப்ளர், விரல் நுனியெல்லாம் புண்ணுக்குப் போடும் ஊதா மருந்தின் கறை. புத்தகத்துக்குப் புத்தகம் பிள்ளைகளைக் காட்டுக்குள் அனுப்புகிற இந்த வீரர் இன்றுவரை காட்டுக்குள் போனதில்லை. அட்டை என்றால் பயம்.

‘ரயில் ஏறிய கோழிக்குஞ்சு’ என்று ஒன்று. ஹட்டனில் ஏறி, டிக்கட் இல்லாமல், கார்டின் தொப்பிக்குள் படுத்துக்கொண்டு நானுஓயா போகிற குஞ்சின் கதை. ‘மூன்று மலை தாண்டினால் கடல்’ என்று இன்னொன்று. அதில் கப்பல் தலைவன் பெயர் அழகையா. மெய்யான அழகையா ஊசிமலை மேட்டு லயத்தில் இருக்கிறான். அத்தை வீடு இருக்கிற பூண்டுலோயாவைத் தாண்டி அவன் எங்கும் போனதில்லை. அப்படியிருந்தும் இப்போதும் தோட்டத்தில் அவனைக் ‘கப்பல்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். மூன்று நாவல்கள் ஹட்டன் அச்சகம் ஒன்றில் புத்தகமாகவும் வந்தன. ஒன்றின் அட்டையில் அணில் போடச் சொன்னதற்குக் கீரிப்பிள்ளையைப் போட்டுவிட்டார்கள். லியனார்ட் ஒரு வார்த்தை சண்டை பிடிக்கவில்லை. அடுத்த நாவலில் ஒரு கீரிப்பிள்ளையைக் கொண்டுவந்து கணக்கைச் சரிக்கட்டிவிட்டார்.

பெயர்கள் எங்கிருந்து வருகின்றன என்றால், அந்த மருந்துக் கரண்டியிலிருந்துதான். அது அவர் போட்ட சட்டம். மிக்சரையோ பூச்சி மருந்தையோ முகம் சுளிக்காமல் குடிக்கிற பிள்ளையின் பெயர் நாவலில் வரும். சுளித்தால் வராது. சிபாரிசு செல்லாது. கண்டாக்கின் மகன் ஒருமுறை கரண்டியைக் கண்டதுமே மூஞ்சியைக் கோணிவிட்டான். கண்டாக்கே நேரில் வந்தார். “ஒரு ஆட்டுக்குட்டிக்காவது வைங்க மிஸ்டர் லியனார்ட், பொடியன் சாப்பிட மாட்டேங்கிறான்” என்று கெஞ்சினார். “ஆட்டுக்குட்டிக்கு ஏற்கனவே ஆள் இருக்குங்க” என்றார் லியனார்ட். அடேயப்பா, அதில் அவ்வளவு கறார்! வியாதியே இல்லாத பிள்ளைகள் வரிசையில் வந்து நின்று வேண்டுமென்றே இருமுவதும், அவர் காதைப் பிடித்துத் திருகி அனுப்புவதும் அன்றாடம் நடக்கிற கூத்து.

மத்தியானத்துக்கு மேல் டிஸ்பென்சரி காலியாகிவிடும். மருந்துக் கம்பனிக்காரர்கள் கொடுத்துவிட்டுப் போன விளம்பரத் தாள்களின் பின்பக்கத்தில் எழுத உட்காருவார். கையெழுத்து மருந்துச் சீட்டுக் கையெழுத்துதான், அவருக்கே சில வேளை புரியாது. அவர் மனைவி ஐவி அதை எழுத்தெழுத்தாகப் பிரித்து நல்ல தாளில் எழுதிக் கொடுப்பார். எழுதும்போதே சண்டை நடக்கும். “இதென்னங்க, மூணாம் பக்கத்துல ஒத்தக் கண்ணு நாயி, அஞ்சாம் பக்கத்துல ரெண்டு கண்ணாலயும் முறைக்குது?” தபாலில் போடுவதற்கு முன்னால் அத்தியாயத்தை லயத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பார்ப்பார். ஒரு பிள்ளை உடம்பைச் சொறிந்தால் அந்த இடத்தைக் குறைப்பார். மூன்று பிள்ளைகள் சொறிந்தால் அத்தியாயமே போய்விடும். போனது வீணாகாது. அந்தத் தாளைப் பட்டையாகக் கத்தரித்து, வேளைக்கு இவ்வளவு என்று காட்டப் பல்லுப் பல்லாக வெட்டி, மருந்துப் போத்தலில் ஒட்டிவிடுவார். ஊசிமலை லயத்து அறைகளில், அந்தக் காம்பராக்களில் உள்ள போத்தல்களைத் திருப்பிப் பார்த்தால் பாதி வரிகளாவது அகப்படும்.

இவ்வளவு ஒழுங்கான மனிதர் ஒரே ஒருமுறை எல்லா ஒழுங்கையும் மீறினார். எழுபத்தொன்பது மாசியில், தோட்டத்தில் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றித் தப்புச் சத்தம் கேட்கத் தொடங்கிய நாட்களில் அது நடந்தது. அதைச் சொல்லாமல் அவரைச் சொன்னதாகாது.

அதற்கு ஐந்து வருஷம் பின்னால் போக வேண்டும். கூப்பன் இருந்தும் மாவு கிடைக்காத எழுபத்து நாலாம் வருஷம். பால், சீனி இல்லாத சாயத்தண்ணியைக் குடித்துவிட்டு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனவர்கள் தேயிலைச் செடியடியில் மயங்கி விழுந்த காலம். பள்ளத்து லயத்தில் ராசம்மா என்று ஒரு கைம்பெண். அவளுக்கு மீனம்மா என்று ஒரே பிள்ளை, எட்டு வயது. தாய் மலையில் நின்ற நேரம், மரவள்ளிக் கிழங்கு கிடைக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கிழங்கு போட ஒரு தகரப் பேணியைத் தூக்கிக்கொண்டு பனிமூட்டத்துக்குள் ஆற்றைத் தாண்டப் போனது அந்தப் பிள்ளை. மரப்பாலத்தில் கால் வழுக்கியது. நனைந்து விறைத்துப்போன பிள்ளையை உயிரோடுதான் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நெஞ்சில் சளி கட்டிவிட்டது. வெறும் வயிறு. லியனார்ட் ஊற்றிய மருந்தை, “கசக்குதுங்க” என்று துப்பிவிட்டது. ஊற்ற ஊற்றத் துப்பியது. மூன்றாம் நாள் போய்விட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் கோழிக்குஞ்சு பத்திரமாக நானுஓயா போய்ச் சேர்ந்தது. லியனார்ட் அதை மடித்து அடுப்பில் வைத்தார். “கோழிக்குஞ்சக் காப்பாத்திட்டேன் ஐவி” என்று மட்டும் சொன்னார். அதன் பிறகும் அவர் எழுதிக்கொண்டுதான் இருந்தார். முதலை வந்தது, வெள்ளம் வந்தது, ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. தான் எழுதுவது அத்தனையும் பொய் என்று ஒரு முள் மட்டும் உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது.

எட்டாவது நாவல் ‘ஏழாம் நம்பர் மலை’யில் அந்த முள்ளை எடுத்துவிட நினைத்தார். சாப்பாடு தேடிப் போகிற ஐந்து பிள்ளைகளின் கதை அது. அதில் ஒரு சிறுமி தகரப் பேணியோடு மரப்பாலத்தில் ஏறுகிறாள். அவளுக்கு மீனம்மா என்று பெயர் வைக்க அவருக்குக் கை வரவில்லை. ராசம்மா கேள்விப்பட்டால் நெஞ்சு வெடித்துவிடுவாள் என்று பயந்தார். பூச்சி மருந்தை இரண்டு கரண்டி வாங்கி, கண்கூடச் சிமிட்டாமல் குடித்த ஒரு கெட்டிக்காரி மேட்டு லயத்தில் இருந்தாள். சோலைமலையின் மகள் சீதாலெட்சுமி. நாவலின் முதல் அத்தியாயத்திலிருந்து அவள் பெயர்தான் தலைவிக்கு. அந்தப் பெயரை அப்படியே பாலத்தில் ஏற்றிவிட்டார். செத்த பிள்ளையின் தாய்க்காகப் பார்த்தவர், உயிரோடு இருக்கிற பிள்ளையின் தாயை நினைத்துப் பார்க்கவில்லை. எத்தனை பெரிய மடத்தனம் பாருங்கள்!

அந்த அத்தியாயத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. ஐவியிடம் கொடுக்கவும் இல்லை. தானே பல்லைக் கடித்துக்கொண்டு நல்ல கையெழுத்தில் எழுதி, தானே தபாலில் போட்டார். அடுத்ததையும் எழுதி மேசையில் வைத்துக்கொண்டார். மிச்ச நாலு பிள்ளைகளும் பேணியைக் கொண்டுபோய்த் தாயிடம் கொடுக்கிற அத்தியாயம். தன் ஆயுளில் எழுதியதில் இதுதான் மெய்யான எழுத்து என்று அவருக்குத் தெரிந்தது. திரும்பத் திரும்ப எடுத்து வாசித்தார்.

ஞாயிற்றுக்கிழமை, மலைத்தண்ணீர் கொட்டுகிற பீலிக்கரையில் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். வழக்கம்போல ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை சிறுவர் பக்கத்தை விரித்து உரக்க வாசித்தது. பாலம் வந்தது, பனி வந்தது. ‘சீதாலெட்சுமி விழுந்த இடத்தில் தகரப் பேணி மட்டும் சுழன்று சுழன்று போனது’ என்று முடிந்தது. துவைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் “சீதா, சீதா” என்று கத்திவிட்டார்கள். தலையில் சவர்க்கார நுரையோடு பக்கத்தில் நின்ற சீதா, “ஐயையோ, நான் செத்துப் போயிட்டேனா?” என்று சிரித்தாள். அவள் தாய் வீரம்மா சிரிக்கவில்லை. அன்று பொழுது சாயும்போதே சீதாவுக்கு உடம்பு சுட்டது.

திங்கட்கிழமை டிஸ்பென்சரியில் வேடிக்கையும் வேதனையுமாகிவிட்டது. வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாம் கரண்டி வருவதற்கு முன்னாலேயே மூஞ்சியைக் கோணிக்கொண்டு நின்றன. ஒன்று மூக்கைச் சுருக்கியது, ஒன்று கண்ணை இடுக்கியது. “என்னடா, இன்னும் ஊத்தவே இல்லியே?” என்று கேட்டால், “எம்பேரு வேணாங்க டாக்டரய்யா, நான் சுளிச்சுட்டேன், நல்லாப் பாத்துக்கங்க” என்றது ஒரு வாண்டு. லியனார்ட் கரண்டியைப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

சீதாவுக்குக் காய்ச்சல் என்று செவ்வாய்க்கிழமைதான் அவர் காதுக்கு எட்டியது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேட்டு லயத்துக்குப் போனார். அன்று கூத்தில் சிவன் காமனை எரிக்கிற நாள். சோலைமலைதான் வருஷா வருஷம் ரதி வேஷம் கட்டுகிறவன். காம்பரா வாசலில் ஒரு கன்னத்தில் மட்டும் அரிதாரம் பூசியபடி, மற்றக் கன்னத்தில் பூச மனமில்லாமல் உட்கார்ந்திருந்தான். உள்ளே பிள்ளை கம்பளிக்குள் சுருண்டு கிடந்தாள். தொண்டையைப் பார்த்தார். இரண்டு பக்கமும் வீங்கி, வெள்ளை படிந்து கிடந்தது. அப்படிப்பட்ட தொண்டையை விட்டுவைத்தால் வியாதி மூட்டுக்கும் நெஞ்சுக்கும் இறங்கும் என்று அவருக்குத் தெரியும். போத்தலைத் திறந்தார். வீரம்மா குறுக்கே கையை நீட்டினாள்.

“வேணாங்க.”

“வீரம்மா, சொல்றதக் கேளு. தொண்டை புண்ணாயிருச்சு. இப்பவே மருந்து உள்ள போவணும்.”

“எப்புடிங்க ஒட்டும்? அங்கன ஆத்துல பொணமாக் கெடக்குறா. இங்கன மருந்து குடிச்சா எப்புடி ஒட்டும்?”

“அது கதைம்மா.”

“அழகையாவக் கப்பல்னு எல்லாருங் கூப்புடுறாங்களே, அதுவுங் கதைதானுங்களே? பேரு வாங்குனது எம்புள்ள. ரெண்டு கரண்டி கசப்பக் குடிச்சுல்ல வாங்குனா! அதுக்கு நீங்க குடுத்த பரிசா இது?”

ஐவி கொடுக்கட்டும் என்றார். “ஊத்துறது யாரு கையா இருந்தா என்னங்க, கலக்குனது நீங்கதானே?” தோட்டத்து லொறியில் டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறேன் என்றார். அதற்கும் அவள் தலையை ஆட்டவில்லை. “மொதல்ல அவள எழுப்பி விடுங்க. காமன எரிச்சுப்புட்டு மூணாம் நாளு நாங்க எழுப்புறோமில்ல? சாம்பலாப் போனவனே எந்திரிக்கிறான். தண்ணியில விழுந்த எம்புள்ள எந்திரிக்கக் கூடாதா?”

சோலைமலை அப்போதுதான் வாயைத் திறந்தான். “நான் அழுதா சிவபெருமானே மனசு எறங்கி வர்றாருங்க. நீங்க எறங்கக் கூடாதா டாக்டரய்யா?” ரதியின் பொட்டுக்குக் கீழே அவன் கண் கலங்கியிருந்தது.

சரி, சொல்கிறேன் என்று லியனார்ட் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தார். வாயைத் திறந்தார். எட்டாவது நாவல் எழுதுகிற மனிதருக்கு ஒரு வார்த்தை வரவில்லை. முதலையின் வாயிலிருந்து பிள்ளைகளை எடுத்தவர்தான், மலைச்சரிவில் உருண்ட பஸ்சைக் கொடியால் கட்டி நிறுத்தியவர்தான். ஆனால் இந்த ஆற்றில் கையை விட்டால் மீனம்மாதான் கைக்கு வந்தாள். சீதாவை எழுப்பினால் மீனம்மாவைத் திரும்பவும் தண்ணிக்குள் தள்ளுவது போல இருந்தது. “கதை வரல, வீரம்மா” என்று எழுந்துவிட்டார். வீரம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வீட்டில் ஐவி சும்மா விடவில்லை. “தவக்காலத்துல புள்ளையச் சாகடிச்சிட்டு, உயிர்த்த ஞாயிறு வரைக்கும் காத்திருக்கச் சொல்லப் போறீங்களா? நமக்கும் மூணாம் நாளுதானேங்க சாமி எந்திரிச்சாரு?” என்று பொரிந்தார். பிறகு, கணவரின் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். “அது சீதா இல்லன்னு எனக்குத் தெரியும். வாசிச்ச ஒடனயே தெரியும்.” லியனார்ட் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தார். மேட்டில் காமன் எரிகிற வெளிச்சம் ஜன்னல் கண்ணாடியில் ஆடியது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை, ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு கலைந்து ஆட்கள் மலைக்கு வேலைக்குப் போகிற நேரம், முதுகில் கூடையோடு ராசம்மா டிஸ்பென்சரிக்குள் வந்தாள். ஐந்து வருஷத்தில் அவள் அந்த வாசலை மிதித்ததே இல்லை. தலைவலி என்றால்கூட வேப்பிலையை அரைத்துக் குடித்துவிட்டுக் கிடப்பாளே தவிர, இங்கே வரமாட்டாள். லியனார்ட் எழுந்து நின்றுவிட்டார்.

“உக்காருங்க ராசம்மா.”

அவள் உட்காரவில்லை. “பீலியில வாசிச்சப்போ நானும் நின்னேனுங்க. எல்லாரும் சீதா சீதான்னு கத்துனாங்க. பேணி, பாலம், பனி... அது எம்புள்ளதானுங்களே டாக்டரய்யா?”

லியனார்ட் தலையைக் குனிந்துகொண்டார். ஆமாம் என்று ஒரு சிறுபிள்ளையைப் போலத் தலையை ஆட்டினார்.

“நீங்க மறந்திருப்பீங்கன்னு நெனச்சேன்” என்றாள் ராசம்மா. கூடைக் கயிற்றைச் சரிசெய்துகொண்டாள். “அந்தப் புள்ள பேர எடுத்துருங்க. எம்புள்ள பேர வச்சுக்கங்க. அதுக்கு இனிமே காய்ச்சல் வராதுங்க.”

அந்த வார்த்தையைக் கேட்டு லியனார்ட் அழுதுவிட்டார். மப்ளரால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மருந்துப் போத்தலை எடுத்துக்கொண்டு, “வாங்க போவோம்” என்றார். மலைக்குப் போக வேண்டிய ராசம்மா கூடையோடு அவர் பின்னால் நடந்தாள். நேரம் பிந்தினால் கங்காணி ஏசுவான் என்று அவளும் நினைக்கவில்லை, அவரும் நினைக்கவில்லை.

மேட்டு லயத்துக்கு முன்னால் காமன் பொட்டலில் சாம்பல் இன்னும் சூடாறவில்லை. இரவெல்லாம் அழுது பாடிய சோலைமலைக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. “கதை சொல்றேன்” என்று லியனார்ட் சொன்னதும் வீரம்மா வழிவிட்டாள். லியனார்ட் கம்பளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினார். இந்த முறை வார்த்தை வந்தது.

தண்ணிக்குள் விழுந்த சீதாவுக்குக் கண் தெரியவில்லை, சுற்றிலும் பனி. அப்போது ஒரு கை வந்து அவள் கையைப் பிடிக்கிறது. சின்னக் கை, குளிர்ந்த கை. “பயப்படாத. எனக்கு இந்த ஆத்துல எல்லாக் கல்லுந் தெரியும். நான் மிதிக்கிற கல்லுல நீயும் மிதி” என்கிறது. யார் நீ என்கிறாள் சீதா. “நான் மீனம்மா. பள்ளத்து லயம்.” மீனம்மா முன்னால் போகிறாள், சீதா பின்னால் போகிறாள். ஒரு கல், இன்னொரு கல். மரவள்ளித் தோட்டம் எங்கே இருக்கிறது என்றுகூட மீனம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. மடி நிறையக் கிழங்கு பிடுங்கிக் கொடுக்கிறாள். பீலிக்கரை வந்ததும் பிடித்த கையை விடுகிறாள். “இங்கேருந்து ஒனக்கு வழி தெரியும். வீட்டுக்குப் போ” என்கிறாள். நீயும் வா என்று சீதா கூப்பிடுகிறாள். “நான் இங்கதான் இருப்பேன். பனியில வழி தப்புற புள்ளைங்களுக்கு யாராச்சும் வேணுமில்ல” என்று சொல்லிவிட்டு மீனம்மா திரும்பிப் போகிறாள்.

வாசலில் கூடியிருந்த பிள்ளைகளில் ஒன்றுகூடச் சொறியவில்லை. மீனம்மா ஏன் வீட்டுக்கு வரவில்லை என்று ஒருவரும் கேட்கவும் இல்லை. வாசலோரம் நின்ற ராசம்மாவைப் பார்த்துவிட்டு வீரம்மா எழுந்து போனாள். அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து, தன் பிள்ளையின் தலைமாட்டில் உட்காரவைத்தாள். பிறகு லியனார்டிடம், “ஊத்துங்க” என்றாள். சீதா குடித்தாள். வீங்கிய தொண்டையில் அது எப்படி எரிந்திருக்கும்! கெட்டிக்காரி, அப்போதும் முகம் சுளிக்கவில்லை. காமனை எழுப்புகிற நாளில் காய்ச்சல் விட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு அப்பாவின் ரதியாட்டத்தைப் பார்க்க வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

சொன்ன கதையை லியனார்ட் அன்று மத்தியானமே எழுதினார். ஐவி நல்ல தாளில் எழுதிக் கொடுத்தார், ஒரு சண்டையும் பிடிக்கவில்லை. மேசையில் இருந்த அந்த மற்ற அத்தியாயத்தை, தன் ஆயுளிலேயே மெய்யானது என்று நினைத்ததை, லியனார்ட் ஒருமுறை வாசித்தார். கத்தரிக்கோலை எடுத்தார். அந்த மாதம் ஊசிமலையில் மருந்து வாங்கியவர்களின் போத்தல்களில் அது பட்டை பட்டையாகப் போய்விட்டது.

தபால் பிந்தியதில் அந்த வார ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் கதை வரவில்லை. அடுத்த ஞாயிறுதான் வந்தது. பீலிக்கரையில் வாசித்துக் கேட்டுவிட்டுப் பிள்ளைகள் டிஸ்பென்சரிக்கும் ஓடிவந்து ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் போனபின் ராசம்மா வந்தாள். குளித்து, வெளுத்த சேலை உடுத்தியிருந்தாள். எழுத்துத் தெரியாதவள். “எந்த எடத்துலங்க அவ பேரு?” என்றாள். லியனார்ட் பத்திரிகையில் விரலை வைத்துக் காட்டினார். அவர் காட்டிய இடத்தையெல்லாம் அவளும் தொட்டுப் பார்த்தாள். கொழுந்துச் சாயம் ஏறிய விரலில் அச்சு மை கொஞ்சம் ஒட்டியது.

“மருந்து எடுங்க” என்றாள்.

“யாருக்கு ராசம்மா? ஒடம்புக்கு என்ன?”

“ஒண்ணுமில்லீங்க. பேரு சும்மா வாங்கக் கூடாதில்ல. அன்னைக்கி எம்புள்ள துப்பிருச்சு.”

லியனார்ட் போத்தலைக் குலுக்கினார். கரண்டி விளிம்பில் கொஞ்சம் சிந்தியது. சிந்தியதற்கும் சேர்த்து நிறைய ஊற்றினார். பிள்ளைகள் உட்காருகிற அந்தக் குட்டி ஸ்டூலில் ராசம்மா உட்கார்ந்தாள். கையிரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள். அவ்வளவு கசப்பையும் ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு, டாக்டரய்யா நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று முகத்தை நிமிர்த்தி, அப்படியே அசையாமல் வைத்திருந்தாள்.